மாடியில் நின்று பாருங்கள்: நம் வீட்டு வைஃபை எதுவரை போகிறது

சேலம் பள்ளப்பட்டியில் அத்தை வீட்டு மொட்டைமாடியில் நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். 27 பெயர்கள். அதில் ஒன்று மாமாவின் பெயர், கூடவே கதவு எண்ணும். கீழே இறங்கி பாஸ்வேர்டு கேட்டேன். "மாமா நம்பர்தான் கண்ணு, நெட் போட வந்தவங்களே அப்படி வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றார் அத்தை. மாமாவின் நம்பர் வாசலில் கொலுசுப் பட்டறை போர்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது. தெருவில் போகிற யாரும் பெயரைப் போனில் படிக்கலாம், பாஸ்வேர்டை போர்டில் படிக்கலாம்.

அன்று மாலையே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். அப்போது ஒவ்வொன்றாக அத்தைக்கும் மாமாவுக்கும் விளக்க வேண்டியிருந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் போனில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிகிற மாதிரியே அவர்கள் போனில் உங்கள் பெயர் தெரிகிறது. வைஃபை ரேடியோ அலை. காம்பவுண்டுச் சுவர் அதற்குப் பெரிய தடையே இல்லை.

சரி, பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். போனில் சாதாரணமாகத் தெரிகிற பட்டியல் பெயரையும் மூன்று நான்கு வளைவுக் கோடுகளையும் மட்டும்தான் காட்டும், அது போதாது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வைஃபைமேன் போன்ற ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள். லொகேஷனை ஆன் செய்யச் சொல்லும், பயப்பட வேண்டாம். சுற்றி என்னென்ன வைஃபை இருக்கிறது என்று தெரிந்தாலே நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம், அதனால்தான் ஆண்ட்ராய்டு இதற்கு அந்த அனுமதியைக் கேட்கிறது. இன்னொன்று, ஆண்ட்ராய்டு 9-லிருந்து ஒரு ஆப் 2 நிமிடத்துக்கு 4 தடவைதான் புதிதாக அலசிப் பார்க்க முடியும், ஆகவே எண்கள் உடனுக்குடன் மாறவில்லை என்றால் போன் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் நின்று பாருங்கள். ஐபோனில் ஆப்பிளே கொடுக்கும் ஏர்போர்ட் யூட்டிலிட்டி என்ற ஆப் இருக்கிறது, போன் செட்டிங்ஸுக்குள் போய் அந்த ஆப்புக்கு வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால்தான் பட்டியல் காட்டும்.

இப்போது ஒவ்வொரு வரியிலும் பெரும்பாலும் ஐந்து விஷயம் தெரியும்: பெயர், வைஃபை தருகிற பெட்டியின், அதாவது ரூட்டரின், வன்பொருள் முகவரி, சிக்னல் அளவு, சேனல், பாதுகாப்பு வகை. முகவரி என்பது இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்த 12 எழுத்து-எண் கோவை. அதன் முதல் பாதி பெரும்பாலும் தயாரித்த கம்பெனியைக் காட்டிக்கொடுக்கும். பெயரும் சும்மா இல்லை. கடையிலிருந்து வந்தபடியே கம்பெனிப் பெயரும் நாலு எழுத்தும் வைத்து விட்டுவிட்டால், "இந்தப் பெட்டியை இவர்கள் திறந்தே பார்த்ததில்லை, உள்ளேயும் பழைய பாஸ்வேர்டுதான்" என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். டைரக்ட் என்று தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் பிரிண்டர் அல்லது டிவி. பெயரே இல்லாமல் வெற்றிடமாக ஒன்று தெரிந்தால் யாரோ பெயரை மறைத்து வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிக்னல் அளவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அது டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 40 என்றால் பிரமாதம், மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓடும், மைனஸ் 80 தாண்டினால் இழுத்துப் பறித்து ஓடும், மைனஸ் 90-ல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு 10 குறையும்போதும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது, ஆகவே மைனஸ் 50-க்கும் மைனஸ் 80-க்கும் நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அத்தை வீட்டில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். கூடத்தில் பெட்டிக்குக் கீழே மைனஸ் 36. சமையலறையில் மைனஸ் 55. உள்அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் போனதும் சட்டென்று மைனஸ் 74, பீரோவைத் தாண்டி இரண்டடி வந்தால் மறுபடி 60. வாசல் கேட்டில் மைனஸ் 63. எதிர்சாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், மைனஸ் 71, போன் அங்கேயும் இணைந்தே இருந்தது. உள்அறையில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பதைவிட டீக்கடைக்கு நன்றாகக் கிடைக்கிறது! காரணம், கேபிள் எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே, அதாவது தெருப்பக்க ஜன்னல் மேலே, பெட்டியை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். நெட் போட வருகிறவரிடம் கேபிளை நாலைந்து மீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள், பெட்டி வீட்டு நடுவில், ஆள் உயரத்தில், இரும்பு பீரோவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி இருக்கட்டும்.

நீங்களும் இப்படி ஒரு தடவை நடந்து, எங்கே எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

சேனல் விஷயம். வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன, அவற்றுக்குள் பிரித்த தடங்கள்தான் சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல் இருக்கிறது, ஆனால் அடுத்தடுத்த சேனலுக்கு நடுவில் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு வைஃபைக்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவை 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீட்டார் எல்லோரும் 1-லும் 6-லும் இருக்கிறார்களே என்று நீங்கள் நடுவில் 3-ஐ எடுத்தால் இரண்டு பக்கமும் இடிப்பீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருந்து முறைவைத்துப் பேசிக்கொள்வார்கள், பாதி மோதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் இரைச்சல்தான். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைப் பக்கம்தான் வேலை செய்கிறது, சாம்பார் சூடாக்கும்போது நெட் தடுமாறினால் அதுவாக இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய, நெரிசல் குறைவு, வேகமும் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய இடங்களில் 5-ஐ முதலில் பயன்படுத்துங்கள். அது தெருவுக்கு அவ்வளவாக ஒழுகாது என்பதும் ஒரு நன்மை.

ஏற்காட்டில் கதை வேறு. ஒண்டிக்கடையிலிருந்து உள்ளே தள்ளி என் பெரியப்பா மகன் ஒரு பழைய கல்வீட்டை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறார். அங்கே பட்டியலில் மொத்தமே நாலைந்து பெயர்தான், சேனல் சண்டையே கிடையாது, ஆனால் சுவர் இரண்டடிக் கருங்கல். ஒரு சுவருக்கு அப்பால் மைனஸ் 45 மைனஸ் 72 ஆகிவிடுகிறது. "பனி இறங்கினா வைஃபை படுத்துடுது தம்பி" என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கிற தூரத்துக்குப் பனிமூட்டம் இந்த அலைகளை ஒன்றும் செய்வதில்லை. தோட்டத்து வழியாக இன்னொரு கட்டடத்துக்கு சிக்னல் போகிறது என்றால் நனைந்த இலைகள் நிச்சயம் உறிஞ்சும், சில்வர் ஓக் மரவரிசை மழையில் நனைந்து நின்றால் வித்தியாசம் எண்ணிலேயே தெரியும். மற்றபடி பனிநாளில் நெட் போனால் மின்சாரத்தையும் வெளியே மரத்தில் கட்டிப் போகிற கேபிளையும் பாருங்கள். கல்வீட்டில் ஒரே பெட்டியை வைத்து மல்லுக்கட்டாமல் சுவருக்கு மறுபுறம் ஒயர் இழுத்து இரண்டாவது பெட்டி வைப்பதுதான் சரியான வழி.

இனி பாதுகாப்பு. பட்டியலில் பூட்டுப் படம் இல்லாதது திறந்த வைஃபை, யாரும் நுழையலாம். டபிள்யூஇபி என்று இருந்தால் அதுவும் திறந்த கதவு மாதிரிதான். 1997-ல் வந்த முறை அது, 2001-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2003-ல் வந்த டபிள்யூபிஏ ஒரு இடைக்கால ஒட்டு. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் பெரும்பாலான வீடுகளில் ஓடுகிறது, அதோடு ஏஇஎஸ் என்ற பூட்டுமுறை போட்டிருந்தால் நல்லது, டிகேஐபி என்ற பழைய பூட்டுமுறை என்றால் மாற்றுங்கள். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 எல்லாவற்றிலும் நல்லது. பழைய போன், பழைய டிவி இருக்கிற வீட்டில் 2-ம் 3-ம் கலந்த முறை என்று ஒரு தேர்வு பெட்டியிலேயே இருக்கும், அதை வையுங்கள்.

டபிள்யூபிஏ2-வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, போன் நம்பரை ஏன் வைக்கக் கூடாது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது. உங்கள் போன் வைஃபையில் இணையும்போது போனும் பெட்டியும் நாலு செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. பாஸ்வேர்டு அப்படியே காற்றில் போவதில்லை, ஆனால் அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு போகிறது. பக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டால் போதும், வீட்டுக்குப் போய் தன் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், உங்கள் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து 4,096 சுற்று அரைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், இருந்தும் இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 லட்சத்துக்கு மேல் போட்டுப் பார்க்கும். நம் ஊர் மொபைல் எண் 10 இலக்கம், 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும், மொத்தமே 400 கோடி வாய்ப்பு. வகுத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்குள் எல்லா எண்ணும் தீர்ந்துவிடும். பிறந்த தேதி எட்டு இலக்கம் என்றால் நூறு வருடத்துக்கும் 36,525 தேதிகள்தான், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

அதற்குப் பதில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து தமிழ் வார்த்தைகளை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் மாதிரி ஜோடி வார்த்தை வேண்டாம், பாட்டு வரி வேண்டாம், குலதெய்வம் பெயர் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு செய்தித்தாளில் ஐந்து இடத்தில் விரல் வையுங்கள்: குடை, தவணை, நுங்கு, ஏணி, வடக்கு என்று வந்தால் அதையே கோத்துவிடுங்கள். இரண்டாயிரம் வார்த்தைகளிலிருந்து ஐந்தை இப்படிக் குருட்டாம்போக்கில் எடுத்தாலே, மேலே சொன்ன அதே கார்டுக்கு எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஆயிரம் வருடம் ஆகும். அத்தைக்கும் நினைவில் நிற்கும், விருந்தாளிக்கும் வாயால் சொல்லிவிடலாம். 63 எழுத்து வரை அனுமதி உண்டு, தாராளமாக இடம் இருக்கிறது.

இதைப் பெட்டியில் மாற்றுவது எப்படி? போனை வீட்டு வைஃபையில் இணைத்து, அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து கேட்வே என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் மேலே அடித்தால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, பெட்டியை நிர்வகிக்கிற பாஸ்வேர்டு, பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அத்தை வீட்டில் அட்மின், அட்மின் என்றே திறந்தது. முதலில் அதை மாற்றுங்கள், வைஃபை பாஸ்வேர்டு இரண்டாவது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படிக் கம்பெனி வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது, அவற்றைக் கொண்டே பெரிய பெரிய இணையதளங்களை முடக்கினார்கள். பட்டறையில் சிசிடிவி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கேமராவின் பாஸ்வேர்டையும் இன்றே மாற்ற வேண்டும், இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நெட் கொடுப்பவர் உள்ளே விடாமல் பூட்டி வைத்திருந்தால் அவரையே வரச் சொல்லி, பக்கத்தில் நின்று மாற்றிக்கொள்ளுங்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறோம், கேட்பதில் தப்பில்லை.

உள்ளே போனதும் கையோடு டபிள்யூபிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். பட்டன் அழுத்தி இணைக்கிற வசதி அது, கூடவே 8 இலக்க பின் எண்ணும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு என்று தோன்றும், ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு, பெட்டி அந்த எண்ணை இரண்டு பாதியாக வேறு சரிபார்க்கிறது, ஆகவே 10,000-ம் 1,000-ம் சேர்த்து 11,000 முயற்சிதான் என்று 2011-ல் வெளியானது. எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் இது பின்வாசல். வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் அணையுங்கள், பெட்டியின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

பெயரை மறைப்பதும், முகவரி பார்த்து உள்ளே விடுவதும் பலர் பெருமையாகச் செய்கிற இரண்டு வேலைகள். பயனில்லை. பெயரை மறைத்தால் உங்கள் போன்கள் போகிற இடமெல்லாம் "அந்தப் பெயர் இங்கே இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே போகும், முன்னைவிட மோசம். உள்ளே விட்டிருக்கிற போனின் முகவரியை யார் வேண்டுமானாலும் காற்றிலிருந்து பிடித்து அதேபோல் வேஷம் போடலாம். பெயரில் ஆள் பெயர், கதவு எண், பட்டறைப் பெயர் இல்லாமல் இருந்தாலே போதும். அத்தை "புளியமரம்" என்று வைக்கச் சொன்னார், வைத்தோம்.

விருந்தாளி நெட்வொர்க் என்ற வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது, அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். ஒருவருக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு கொடுத்தால் அவர் போனிலிருந்து கியூஆர் படமாக அடுத்தவருக்குப் போய்விடும், அதைத் தடுக்க முடியாது. ஏற்காட்டு வீட்டில் அண்ணனின் கணக்கு வைத்திருக்கிற லேப்டாப்பும் கேமராவும் ஒரு நெட்வொர்க், தங்க வருகிறவர்களுக்கு வேறொன்று என்று பிரித்தோம். விருந்தாளிப் பாஸ்வேர்டை மாதம் ஒரு தடவை மாற்றி வரவேற்பு மேஜையில் அட்டையில் எழுதி வைக்கிறார். டிவி, கேமரா, குரல் கேட்கிற ஸ்பீக்கர் எல்லாவற்றையும் நம் வீட்டிலும் விருந்தாளிப் பக்கமே போடலாம். பிரிண்டர் மாதிரி போனோடு பேச வேண்டியது மட்டும் உள்ளே இருக்கட்டும்.

நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெட்டியின் உள்பக்கத்திலேயே பட்டியல் இருக்கும். எண்ணிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் உண்மை முகவரிக்குப் பதில் ஒரு கற்பனை முகவரியைக் கொடுக்கின்றன, ஆகவே தெரியாத முகவரி ஒன்றைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பையன் மேல் பழி போடாதீர்கள். வீட்டுப் போன்களை ஒவ்வொன்றாக வைஃபை அணைத்துப் பாருங்கள், எல்லாம் அணைந்த பிறகும் பட்டியலில் ஒன்று மிஞ்சினால் அப்போது யோசிக்கலாம். சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போய்விடுவார்கள்.

"நெட்டுதானே, யாராவது கொஞ்சம் பார்த்துட்டுப் போகட்டுமே" என்று மாமா சொன்னார். நல்ல மனசு. ஆனால் 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போனது, போலீஸ் முதலில் வந்து நின்றது அந்த வீட்டு வாசலில்தான். வெளியே தெரிவது உங்கள் இணைப்பின் முகவரி. அதே போல இந்தப் பக்கமும்: அடுத்தவர் வைஃபையில் அனுமதியில்லாமல், நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி 3 வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட. பட்டியலைப் பார்ப்பது தப்பில்லை, பூட்டை ஆட்டிப் பார்ப்பதுதான் தப்பு. ஊர் சுற்றும்போது திறந்த வைஃபையில் இணைந்திருந்தால் திரும்பி வந்ததும் அந்தப் பெயரைப் போனிலிருந்து மறக்கச் செய்யுங்கள், இல்லையென்றால் அதே பெயரில் வேறு யாரோ போட்ட பெட்டியிலும் போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எப்படியோ பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள்.

அத்தை வீட்டில் எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது, பாதி நேரம் டிவியில் ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியதில் போயிற்று. புதுப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார் அத்தை. பெட்டியைக் கூடத்து நடுச்சுவருக்கு மாற்றினோம், உள்அறையில் மைனஸ் 58, டீக்கடை பெஞ்சில் மைனஸ் 86. ராத்திரி எட்டு மணிக்கு மேல்மாடியில் குடியிருக்கிற பெண் இறங்கி வந்து, "அக்கா, சாயங்காலத்திலிருந்து நெட் வரலீங்க, பிள்ளைக்கு ஆன்லைன் டெஸ்ட் இருக்கு" என்றார். யாரோ எப்போதோ சொன்ன நம்பரில் மூன்று மாதமாக இணைந்திருந்திருக்கிறார். அத்தை உள்ளே போய் விருந்தாளி நெட்வொர்க்கின் ஐந்து வார்த்தைகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார், பிள்ளை பரீட்சை எழுதப் போனான்.